வில்லும் மைப்பேனாவும்: ஹார்டாங்கர் பிடிலை வாசிக்கவும் வரையவும் தொடங்குபவர்களுக்கு

நோர்வேயின் மேற்குக் கரையில் ஹார்டாங்கர் என்றொரு கடற்கழிப் பகுதி இருக்கிறது. அங்கே பிறந்த பிடிலுக்கு ஹார்டிங்ஃபேலெ என்று பெயர். வயலினைப் போலவே நான்கு தந்திகள். அவற்றுக்கு அடியில், வில் தொடாத நான்கு அல்லது ஐந்து மெல்லிய எஃகுக் கம்பிகள் தனியாக ஓடும். மேல்தந்தி ஒலிக்கும்போது இவை தாமாகவே அதிர்ந்து கூடப் பாடும். அடித்தந்திகள் என்றே இங்கே சொல்வோம். கருவியின் உடம்பு முழுக்கக் கறுப்பு மையால் கொடியும் பூவும் வரைந்திருக்கும். விரல் பலகையில் சிப்பியும் எலும்பும் பதித்திருக்கும். வயலினில் சுருள் இருக்கும் இடத்தில் முடி சூடிய சிங்கத்தின் தலையோ டிராகன் தலையோ நிற்கும்.

இசையும் ஓவியமும் இரண்டும் வேண்டும் என்று நினைக்கும் இளைஞருக்கு இதைவிடப் பொருத்தமான கருவி கிடைப்பது அரிது. இங்கே படம் அலங்காரத்துக்காகப் பிறகு சேர்த்ததல்ல. இந்தக் கருவியை வளர்த்த ஈசாக் பொட்னென் (1669–1759), அவர் மகன் த்ரோன் பொட்னென் காலத்திலிருந்தே மைவேலையும் சிப்பிவேலையும் பிடிலின் பாகமாகவே இருந்து வருகின்றன. இரண்டையும் ஒன்றாகக் கற்பது எப்படி என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

கருவியைத் தேர்ந்தெடுத்தல்

முதல் கருவியை வாங்க அவசரப்பட வேண்டாம். ஆறு மாதமாவது இரவல் அல்லது வாடகைக் கருவியில் பழகுங்கள். வாங்கும்போது ஐந்து இடங்களைப் பாருங்கள்.

முதலில் குதிரை, அதாவது தந்திகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டு. வயலின் குதிரையைவிட இதன் மேல்விளிம்பு தட்டையாக இருக்க வேண்டும், ஏனென்றால் இந்த மரபில் வில் எப்போதும் இரண்டு தந்திகளைச் சேர்த்தே இழுக்கும். அடித்தந்திகள் போகக் குதிரையின் நடுவே கீழ்மட்டத்தில் தனி வழி இருக்க வேண்டும். இந்தக் கருவியை அறியாத பழுதுபார்ப்பவர் குதிரையை வயலின் வளைவுக்குச் செதுக்கிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. அப்படிச் செதுக்கிய குதிரையைச் சரிசெய்ய முடியாது, புதிதுதான் போட வேண்டும்.

இரண்டாவது, மேல்பலகையின் இரண்டு ஒலித்துளைகள். நல்ல ஹார்டாங்கர் பிடிலில் துளையின் ஒரு கரை மேலேயும் மறுகரை சற்றுக் கீழேயும் இருக்கும். பக்கவாட்டில் பார்த்தால் ஒன்றின் கீழ் ஒன்று நுழைவதுபோலத் தெரியும். சாதாரண வயலினுக்குப் பூ வரைந்து விற்கும் கருவியில் இது இராது.

மூன்றாவது, தந்திகளை முறுக்கும் பிருடைகள். எட்டோ ஒன்பதோ இருக்கும். ஒவ்வொன்றையும் திருப்பிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டே போனாலும் இறுகி நின்றாலும் தினமும் அரை மணி நேரம் வீணாகும்.

நான்காவது, மைவேலை. ஒரு பூதக்கண்ணாடி போதும். கையால் வரைந்த கோடு ஓர் இடத்தில் தடித்து இன்னோர் இடத்தில் மெலியும். ஒட்டிய அச்சாக இருந்தால் கோடு எங்கும் ஒரே தடிமனாகவோ சிறு புள்ளிகளாகவோ தெரியும். ஒலிக்கு இதனால் குறை வராது, ஆனால் நீங்கள் படமும் கற்க வந்தவர் என்பதால் கையால் வரைந்த கருவிதான் உங்களுக்குப் பாடப்புத்தகம்.

ஐந்தாவது, பலகையில் விரிசல். நோர்வேயில் குளிர்காலத்தில் அறையைச் சூடாக்கும்போது காற்று உலர்ந்துவிடும். மரம் சுருங்கிப் பிளக்கும். பெட்டிக்குள் ஈரப்பத அளவி ஒன்று வைத்து, 40 முதல் 60 விழுக்காட்டுக்குள் வைத்திருங்கள்.

சுருதி சேர்த்தல்

பொறுமை அதிகம் கேட்கும் வேலை இதுதான். அதிகம் வழங்கும் சுருதி மேற்கத்தியச் சுரப் பெயர்களில் கீழிருந்து மேலாக ஏ, டி, ஏ, இ என்று எழுதப்படும். கர்நாடக சங்கீதம் அறிந்தவர்கள் டி-யை சட்ஜமாக வைத்துக்கொண்டால் எளிது: மந்திர ப, ச, ப, மேல் ரி. அடித்தந்திகள் ஐந்தும் பி, டி, இ, எஃப் ஷார்ப், ஏ. அதாவது கீழ் த, ச, ரி, க, ப. நம் மோகனத்தின் ஐந்து சுரங்களும் அப்படியே பிடிலின் வயிற்றுக்கடியில் கிடக்கின்றன.

எழுதுவது ஒன்று, ஒலிப்பது வேறு என்பதை மறக்க வேண்டாம். கருவி பெரும்பாலும் எழுதியதைவிட ஒரு முழுச் சுரம் மேலே வைக்கப்படும். அப்போது சுருதி அளக்கும் கருவியில் மேல்தந்திகள் பி, இ, பி, எஃப் ஷார்ப் என்றும், அடித்தந்திகள் சி ஷார்ப், இ, எஃப் ஷார்ப், ஜி ஷார்ப், பி என்றும் காட்டும். சாதாரண வயலின் தந்திகளைப் போட்டு இந்த உயரத்துக்கு ஏற்ற வேண்டாம். அவை தடிமனானவை, இழுவிசை கூடிப் பலகையை அழுத்தும். இந்தக் கருவிக்கென்று விற்கும் மெல்லிய தந்திகளையே வாங்குங்கள்.

முறை இது. முதலில் மேல்தந்திகள் நான்கையும் வில்லால் இழுத்துச் சேருங்கள். பிறகு அடித்தந்திகளை, மேல்தந்திகளுக்கு இடையே விரல் நகத்தை நுழைத்துக் குதிரைக்கு அருகே சுண்டிச் சேருங்கள். அவற்றின் இழுவிசை கூடியதும் மேல்தந்திகள் சற்று இறங்கியிருக்கும். மறுபடி மேலிருந்து ஒரு சுற்று. மூன்று சுற்றில் நிற்கும்.

புதியவர்கள் கம்பி அறுப்பதற்கு முதற்காரணம், ஒன்பது பிருடைகளில் தவறானதைத் திருப்புவது. சுண்டியது ஒரு கம்பி, முறுக்கியது வேறொன்று. சுருதி ஏறவில்லையே என்று இன்னும் முறுக்கும்போது அறுந்துவிடும். பிருடைப் பெட்டியை ஒரு தாளில் வரைந்து, எந்தப் பிருடை எந்தக் கம்பிக்கு என்று வண்ணக்கோட்டால் இணைத்துப் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். நீங்கள் வரையும் முதல் படமாக அதுவே இருக்கட்டும்.

அடித்தந்தி சரியாகச் சேர்ந்ததா என்று கண்ணாலேயே பார்க்கலாம். அரிசி மணி அளவு காகிதத்தை மடித்து, இடுக்கியால் பிடித்து, டி அடித்தந்தியின் மேல் தொங்கவிடுங்கள். மேலே உள்ள டி தந்தியை வில்லால் இழுங்கள். சுருதி பொருந்தியிருந்தால் காகிதம் நடுங்கித் துள்ளி விழும். இம்மி விலகினாலும் அசையாமல் கிடக்கும். வில்லை எடுத்த பிறகும் கருவிக்குள் ஓர் ஒலி இரண்டு மூன்று நொடி நின்று கரைய வேண்டும். அது நிற்கவில்லையென்றால் வாசிக்கத் தொடங்காதீர்கள், திரும்பச் சேருங்கள்.

இந்தப் பிடிலுக்கு இருபதுக்கும் மேற்பட்ட சுருதி அமைப்புகள் உண்டு. ஏ, இ, ஏ, சி ஷார்ப் என்ற ஒன்றை ட்ரோல் சுருதி என்பார்கள். ட்ரோல் என்பது அந்நாட்டுக் கதைகளில் வரும் மலைப்பூதம். அதற்கு மாறும்போது அடித்தந்திகளையும் மாற்ற வேண்டும். முதல் ஆண்டில் அந்தப் பக்கம் போகாமல் ஒரே சுருதியில் நில்லுங்கள். அடிக்கடி ஏற்றி இறக்கினால் தந்தி நிலைகொள்ளாது, காதும் நிலைகொள்ளாது.

அருவியில் வாழும் ஃபொசெகிரிம் என்ற தேவதை பிடில் கற்றுக்கொடுக்கும் என்று நோர்வே நாட்டார் கதைகள் சொல்லும். வியாழக்கிழமை மாலை இறைச்சி காணிக்கை கொண்டுபோக வேண்டும். கொழுத்த இறைச்சியானால் சீடனின் விரலைப் பிடித்துத் தந்தியில் தேய்த்து முழு வித்தையும் தரும். இறைச்சியில் சதை போதாவிட்டால் சுருதி சேர்க்க மட்டும் கற்றுக்கொடுத்து அனுப்பிவிடும். சுருதி சேர்ப்பதே தனியொரு வித்தை என்பதை அந்த மக்கள் எவ்வளவு அறிந்திருந்தார்கள்!

வில், முதல் எட்டு வாரம்

சாதாரண வயலின் வில் போதும். நடுப்பகுதியில் 10 முதல் 15 சென்டிமீட்டர் நீளத்தை மட்டும் பயன்படுத்துங்கள். முதல் இரண்டு வாரம் இடதுகை வேண்டாம். நடு இரண்டு தந்திகளையும் (டி, ஏ) சேர்த்து இழுத்து, இரண்டும் சம அளவில் ஒலிக்கிறதா என்று கேளுங்கள். அடுத்த வாரம் கீழ் இரண்டு, அதற்கடுத்த வாரம் மேல் இரண்டு.

மூன்று தந்திகள் சேர்ந்து கீச்சிட்டால் அழுத்தம் கூடிவிட்டது என்று பொருள். தட்டைக் குதிரையில் அழுத்தினால் தந்தி தாழ்ந்து வில் பக்கத்துத் தந்தியைத் தொட்டுவிடும். வயலினில் பழகிய கைக்கு இது பெரிய மாற்றம். கர்நாடக வயலினில் நீண்ட வில்லும் கனமும் பழகியவர்கள் கனத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டியிருக்கும். வில்லின் முடியில் தேய்க்கும் பிசினான ரோசினையும் மிகுதியாகப் பூசாதீர்கள். தூள் கொட்டி அடித்தந்திகளில் படிந்தால் அவற்றின் நாதம் மங்கும். வாசித்து முடித்ததும் மெல்லிய தூரிகையால் அடியில் தட்டிவிடுங்கள்.

ஐந்தாவது வாரத்திலிருந்து ஒரு தந்தியில் விரல், பக்கத்துத் தந்தி திறந்தபடி. இந்த மரபின் பெரும்பகுதி முதல் நிலையிலேயே வாசிக்கப்படுவதால் கை மேலே ஏறும் கவலை இல்லை. அந்த நேரத்தையெல்லாம் வில்லுக்குக் கொடுங்கள்.

ஒரு ஸ்லோட் கற்பது

இந்தக் கருவிக்குரிய உருப்படிக்கு ஸ்லோட் என்று பெயர். பெரும்பாலானவை நடனத்தை ஒட்டியவை. கங்கர் நடைக்கானது. ஹல்லிங், கம்பின் நுனியில் மாட்டிய தொப்பியை ஆடுபவர் எகிறி உதைத்து வீழ்த்தும் ஆட்டத்துக்கானது. ஸ்பிரிங்கர் மூன்று தட்டு கொண்டது. முதலில் கங்கரை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்லோட், வேக் எனப்படும் சிறு துண்டுகளால் ஆனது. ஒவ்வொரு வேக்கையும் இரண்டு மூன்று முறை திருப்பி, ஒவ்வொரு முறையும் சிறிது மாற்றி வாசித்து, அடுத்ததற்கு நகர்வார்கள். ஆகவே முழுப்பாட்டையும் ஒரே மூச்சில் கற்க முயலாதீர்கள். வாரத்துக்கு ஒரு வேக். முதல் நாள் இருபது முறை கேட்பது மட்டும். இரண்டாம் நாள் வாயால் பாடுவது. மூன்றாம் நாள் பிடிலை எடுப்பது. சுரக்குறிப்பு இருந்தாலும் கடைசி நாளில் மட்டும் பாருங்கள். வில்லின் அசைவும் தட்டின் நீளமும் குறிப்பில் முழுமையாக வராது.

இதற்குச் சரியான சான்று நோர்வேயின் டெலமார்க் பகுதி ஸ்பிரிங்கர். எழுத்தில் மூன்று சமத் தட்டுகள். வாசிப்பில் முதல் தட்டு நீளம், இரண்டாவது நடுத்தரம், மூன்றாவது குறுகல். ஒரு சுற்றை 100 பங்காகக் கொண்டால் ஏறத்தாழ 39, 33, 28. வால்ட்ரஸ் பகுதி ஸ்பிரிங்கரிலோ முதல் தட்டுதான் குறுகல். இதை எண்ணிப் பிடிக்க முயன்றவர்கள் தோற்றுப்போவார்கள், தாளம் தட்டும் மெட்ரோனோமும் உதவாது. பதிவை ஒலிக்கவிட்டு அறையில் நடந்து பாருங்கள். உடம்பு மேலெழுவதும் தாழ்வதும் எங்கே என்று கால் கண்டுபிடித்துவிடும். நல்ல வாசிப்பாளரின் கையைப் பார்ப்பதைவிடத் தரையில் தட்டும் அவர் காலைப் பாருங்கள். கால் தட்டாமல் வாசிக்கப் பழகினால் பிறகு சேர்ப்பது கடினம், முதல் வேக்கிலிருந்தே காலையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தாளில் ரூசிங்

கருவியின் மேல் வரையும் மைவேலைக்கு ரூசிங் என்று பெயர், பூவைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. வேண்டிய பொருள்கள் குறைவு: எச்பி பென்சில், டிரேசிங் தாள், தொட்டு எழுதும் மைப்பேனா, கூர்மையான நிப் இரண்டு, கரிமைப் புட்டி ஒன்று, வழவழப்பான தடித்த தாள்.

முதல் மாதம் முழுக்க இரண்டே வளைவுகள். ஒன்று அரைவட்டமாகத் திரும்புவது, இன்னொன்று பாம்புபோல நெளிந்து இரட்டையாகத் திரும்புவது. நாளுக்கு 50 வீதம் போடுங்கள். விரலை அசைக்காமல் முழங்கையிலிருந்து இழுக்க வேண்டும். வளைவின் வயிற்றில் நிப்பைச் சற்று அழுத்தித் தடிமனாக்கி, நுனியில் விடுவித்து மயிரிழையாக முடியுங்கள். வில்லைக் கனமாக வைத்து லேசாக எடுக்கும் அதே அசைவு. காலையில் வில், உடனே பேனா என்று வைத்துக்கொண்டால் இரண்டுக்கும் பலன் தெரியும்.

இரண்டாம் மாதம் கொடியின் அமைப்பு. முதலில் வேர், அதிலிருந்து தண்டு, தண்டிலிருந்து பக்கக்கொடி, கொடி முனையில் இலையும் பூவும், கடைசியாக நரம்பும் புள்ளியும். இந்த வரிசை மாறக்கூடாது. பூவை முதலில் வரைந்துவிட்டுத் தண்டைக் கொண்டுவந்து ஒட்டினால் பார்ப்பவருக்கு உடனே தெரிந்துவிடும், பூ காற்றில் மிதக்கும். பக்கக்கொடி தண்டைவிட்டுப் பிரியும் இடத்தில் சிறிது தூரம் தண்டோடு ஒட்டி ஓடிப் பிறகு விலக வேண்டும். செங்குத்தாகக் குத்திக்கொண்டு நின்றால் முள்வேலிபோல ஆகிவிடும்.

மூன்றாம் மாதம் சமச்சீர். பிடிலின் பலகையை நடுக்கோட்டால் பிரித்து, டிரேசிங் தாளில் இடதுபாதியை மட்டும் வரையுங்கள். தாளைத் திருப்பி வலதுபாதிக்குப் பென்சிலால் பதியுங்கள். மை போடும்போது மட்டும் பதிவை அப்படியே பின்தொடராமல் கையை ஓடவிடுங்கள். இரண்டு பாதிக்கும் சிறு வேறுபாடு வரும், வரட்டும். திரும்பி வரும் வேக் முதல்முறைபோலவே இருப்பதில்லை அல்லவா?

மரத்தில் வரைதல்

முடிந்த கருவியின் மேல் ஒருபோதும் வரையாதீர்கள். வார்னிஷ் மேல் மை நிற்காது, பழைய கருவியானால் அதன் மதிப்பும் போகும். கைவினைஞர்கள் வார்னிஷ் பூசும் முன், வெள்ளை மரத்திலேயே மைவேலையை முடிப்பார்கள். நீங்கள் 15க்கு 10 சென்டிமீட்டர் அளவில், 3 மில்லிமீட்டர் தடிமனான ஸ்புரூஸ் பலகைத் துண்டுகள் பத்து வாங்கிப் பழகுங்கள்.

240 எண் உப்புத்தாளால் இழை போகும் திசையில் தேய்க்கவும். ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் இழைகள் எழும்பும். உலர்ந்ததும் 400 எண் தாளால் தேய்க்கவும். 100 மில்லிலிட்டர் ஸ்பிரிட்டில் 10 கிராம் அவலரக்கைப் (செதிலாக விற்கும் ஷெல்லாக்) போட்டு ஓரிரவு ஊறவைத்து, வடிகட்டி, இரண்டு பூச்சு கொடுக்கவும். இடையே இரண்டு மணி நேரம் காயட்டும். ஸ்பிரிட் எளிதில் தீப்பற்றும் என்பதால் சன்னலைத் திறந்துவைத்து, அடுப்புக்கு எட்டத்தில் செய்யுங்கள். கடைசியில் 600 எண் தாளால் ஒரே ஒருமுறை வருடவும். பளபளப்பு போய் மை பிடிக்கும்.

அரக்குப் பூச்சை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு துண்டில் வேண்டுமென்றே செய்து பாருங்கள். ஸ்புரூஸில் மென்மையான வெளிர் இழையும் கடினமான அடர் இழையும் மாறி மாறி வரும். மென்மையான இழை மையை உறிஞ்சி நீளவாக்கில் இழுத்துக்கொண்டு போகும். கோட்டுக்கு இருபுறமும் சிலந்திக்கால் முளைத்ததுபோல இருக்கும். மாறாகப் பூச்சு கூடிவிட்டால் மை துளித்துளியாகச் சுருண்டு நிற்கும், அதற்கு மருந்து இன்னொருமுறை 600 தாள்.

நிப் அடர் இழையைக் கடக்கும்போது சற்றுக் குதிக்கும். அங்கே வேகத்தைக் குறைக்காதீர்கள், குறைத்தால் மை தேங்கிப் பொட்டு விழும். தவறிவிட்டால் ஈரமாக இருக்கும்போது துடைக்க வேண்டாம். முழுதும் உலர்ந்ததும் புதிய பிளேடைச் செங்குத்தாகப் பிடித்து மெல்லச் சுரண்டி, அந்த இடத்துக்கு மட்டும் அரக்கு தொட்டுவைத்து மறுபடி வரையுங்கள்.

24 மணி நேரம் உலர்ந்த பிறகு பாதுகாப்புப் பூச்சு. இங்கே பலர் ஒரு வார வேலையை ஒரு நிமிடத்தில் இழக்கிறார்கள். கரிமை வகைகள் பலவற்றில் அரக்கே பிணைப்பாக இருக்கும். அதன்மேல் ஸ்பிரிட் அரக்கைத் தூரிகையால் தேய்த்தால் கோடு கரைந்து கறுப்பாக இழுபடும். எண்ணெய் வார்னிஷ் பூசுங்கள். அரக்குதான் வேண்டுமென்றால் ஒரே இழுப்பில் ஒருமுறை மட்டும், திரும்பத் தேய்க்காமல். எந்தப் பூச்சானாலும் முதலில் ஒரு பழைய துண்டில் சோதித்துக்கொள்ளுங்கள்.

எதைப் பார்த்துக் கற்பது

பார்க்கவேண்டிய முதல் கருவி ஓலெ யோன்சென் யாஸ்டாட் செய்த, 1651 என்று ஆண்டு குறிக்கப்பட்ட பிடில். பெர்கன் பல்கலைக்கழக அருங்காட்சியகத்துக்குரியது. உட்னெ ஊரில் உள்ள ஹார்டாங்கர் நாட்டார் அருங்காட்சியகத்திலும் பிடில்கள் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் டெலமார்க்கின் போ ஊரைச் சேர்ந்த ஹெல்லண்ட் குடும்பத்தார் கருவியின் வடிவத்தை வயலினுக்கு நெருக்கமாக்கினார்கள். பழைய வடிவத்தையும் இதையும் அருகருகே வரைந்து பாருங்கள்: பழையது ஒடுங்கி, உயர்ந்து வளைந்த மேல்பலகையோடு இருக்கும்.

பிடிலை மட்டும் பார்த்தால் போதாது. ஹெட்டால் ஊரில் ராம்பெர்க் வீடு என்றொரு மரவீட்டின் உட்சுவர்களை 1784இல் ஓலாவ் ஹான்சொன் கொடிகளால் நிறைத்தார். டெலமார்க் கொடி ஒருபக்கமாகச் சாய்ந்து ஓடும், ஹல்லிங்டால் பகுதிக் கொடி நடுவிலிருந்து இருபுறமும் ஒப்ப விரியும். ஊர்னெஸ் மரத்தேவாலயத்தின் வாசலில் ஒன்றோடொன்று பின்னிய மிருகங்களைச் செதுக்கியிருக்கிறார்கள், டிராகன் தலை வரையுமுன் அதைப் பார்த்தேயாக வேண்டும். ஓவியர் நிக்கோலாய் அஸ்ட்ரூப் (1880–1928) யோல்ஸ்டர் ஊரின் மலையையும் நடுக்கோடைத் தீயையும் மரச்செதுக்கு அச்சுகளாக்கினார். ஒரே மரக்கட்டையிலிருந்து எடுத்த படிகளில் வண்ணத்தை மாற்றி மாற்றிப் போட்டார், ஒரு படி வசந்தம் என்றால் இன்னொன்று இரவு. ஸ்லோட் வாசிப்பவருக்கு இது மிகவும் பழகிய மனநிலை.

இசையில் தொடக்கப்புள்ளி டெலமார்க்கின் தோர்கெய்ர் அவுகுன்சொன் (1801–1872). ஆலைக்காரர் மகன் என்பதால் மில்லர்குட்டன் என்று அழைக்கப்பட்டார். 1849இல் வயலின் மேதை ஓலெ புல் அவரைத் தலைநகர மேடைக்கு அழைத்து வந்தார். அதே நூற்றாண்டில்தான் மதப் புத்தெழுச்சியில் இந்தக் கருவி சாத்தானுடையது என்று சொல்லிப் பலர் எரித்தார்கள், பலர் ஒளித்துவைத்தார்கள். இன்று கையில் கிடைக்கும் ஒவ்வொரு பழைய பிடிலும் அதைத் தாண்டி வந்தது என்பதை நினைத்துத் தொடுங்கள்.

முறையாகக் கற்க வோஸ் ஊரில் ஓலெ புல் அகாடமி இருக்கிறது. ஃபோல்கஹேய்ஸ்கூலெ எனப்படும் தேர்வில்லாத ஓராண்டு விடுதிப் பள்ளிகள் சிலவற்றிலும் நாட்டார் இசையோ கைவினையோ உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து 1980களில் நோர்வே வந்த தமிழர் பலர் முதலில் சேர்ந்தது இத்தகைய பள்ளிகளில்தான். அவர்கள் பிள்ளைகளுக்கு இந்த வழி புதிதல்ல.

குறிப்பேடு

நாளுக்கு 20 நிமிடம் சுருதியும் வில்லும், 20 நிமிடம் வேக், 20 நிமிடம் பேனா. இந்த ஒரு மணி நேரத்தோடு கோடு போடாத குறிப்பேடு ஒன்று. இந்த மரபில் ஒரு ஸ்லோட்டை வாசிக்குமுன் யாரிடமிருந்து வந்தது என்று சொல்வார்கள். இன்னார் வழி, அவருக்கு இன்னார் வழி என்று பெயர்கள் நீளும். நீங்களும் இடப்பக்கத்தில் ஸ்லோட்டின் பெயர், சுருதி, யாரிடம் கேட்டது, எந்த ஊர் வழக்கு என்று எழுதுங்கள். வலப்பக்கத்தில் அந்த வாரம் பார்த்து வரைந்த கொடி, அதன் அடியில் எந்தக் கருவியிலிருந்து, செய்தவர் யார், எந்த ஆண்டு. மை முழுதும் காய்ந்த பிறகு பக்கத்தைப் புரட்டுங்கள்.